குழந்தைக்கு வைட்டமின் ஏ: காய்கறியில் இருப்பதை உடம்பில் சேர்ப்பது எப்படி?

"தினமும் கேரட் கொடுக்கிறோமே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்கும் பெற்றோர் நிறைய. கவலைப்பட ஒன்றுமில்லை என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி டயப்பரில் இருக்கிறது. சரியாக வேகாத கேரட் துண்டை மெல்லாமல் விழுங்கிய குழந்தையின் மலத்தைப் பாருங்கள். அந்தத் துண்டு நிறம்கூட மாறாமல் வந்து கிடக்கும். அந்த ஆரஞ்சு நிறம்தான் நமக்கு வேண்டிய சத்து. உள்ளே போனது, யாரையும் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டது.

ஊட்டியது வேறு, உடம்பில் சேர்ந்தது வேறு. வைட்டமின் ஏ விஷயத்தில் இந்த இடைவெளி மற்ற பல சத்துகளைவிடப் பெரியது. நல்ல செய்தி என்னவென்றால், அந்த இடைவெளியைக் குறைப்பது பெரும்பாலும் சமையலறையில் நம் கையில்தான் இருக்கிறது. குழந்தைக்குத் தேவைப்படும் அளவும் நாம் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல. இரண்டு மூன்று மேசைக்கரண்டி காய்கறி, நன்றாக வெந்து, நன்றாக மசிந்து, கொஞ்சம் எண்ணெயோடு போனால் போதும். இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

கறாராகச் சொன்னால் எந்தக் காய்கறியிலும் வைட்டமின் ஏ கிடையாது. ரெட்டினால் என்ற தயார் நிலை வைட்டமின் ஏ ஈரல், முட்டையின் மஞ்சள் கரு, பால், வெண்ணெய் போன்ற விலங்கு உணவுகளில்தான் இருக்கிறது. காய்கறிகளில் இருப்பது கரோட்டின்கள். அதில் முக்கியமானது பீட்டா கரோட்டின். நம் சிறுகுடல் சுவரில் உள்ள ஒரு நொதி இதை நடுவில் வெட்டி வைட்டமின் ஏ ஆக்குகிறது. காய்கறி தருவது கச்சாப் பொருள், தயாரிப்பு முழுக்க உடம்புக்குள்தான் நடக்கிறது. கச்சாப் பொருள் காயை விட்டு வெளியே வர வேண்டும், கொழுப்பில் கரைய வேண்டும், குடல் சுவருக்குள் நுழைய வேண்டும், அங்கே வெட்டப்பட வேண்டும். எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் வரவு குறையும்.

இந்த வைட்டமின் எதற்கு? கண்ணின் விழித்திரையில், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமியை உண்டாக்க இது வேண்டும். கண்ணின் மேற்பரப்பு, மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உள்பூச்சைச் செழிப்பாக வைத்திருக்கவும், கிருமிகளோடு போராடவும், வளர்ச்சிக்கும் வேண்டும். குறைந்தால் முதலில் பிள்ளை மாலை நேரத்தில் தடுமாறும். முற்றினால் கருவிழியே கெடும். பற்றாக்குறை உள்ள குழந்தைக்குத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் வந்தால் உயிருக்கே ஆபத்தாகும். தடுத்திருக்கக்கூடிய குழந்தைப் பார்வையிழப்புக்கு உலகில் முதன்மையான காரணம் வைட்டமின் ஏ பற்றாக்குறைதான் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கேரட் தின்றால் கண்ணாடி போட வேண்டியதில்லை என்பது உண்மையல்ல. பற்றாக்குறை இருந்தால் பார்வையை மீட்கும். பற்றாக்குறை இல்லாத பிள்ளைக்குக் கூடை கூடையாகக் கொடுத்தாலும் பார்வை கூர்மையாகாது. இந்த நம்பிக்கை பரவியதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்கு உண்டு. பிரிட்டன் விமானிகள் இருட்டில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தக் காரணம் கேரட்தான் என்று அப்போது செய்தி பரப்பினார்கள். உண்மையில் அவர்களுடைய விமானங்களில் ரேடார் இருந்தது.

படி 1: எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க மருத்துவக் கழகம் 2001இல் வெளியிட்ட அளவுகள் இவை: 1 முதல் 3 வயது வரை ஒரு நாளைக்கு 300 மைக்ரோகிராம், 4 முதல் 8 வயது வரை 400, 9 முதல் 13 வயது வரை 600. ஏழு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 500 என்று போட்டிருக்கிறார்கள். சின்னக் குழந்தைக்கு அதிகமா என்று குழம்ப வேண்டாம். அது நன்றாக வளரும் குழந்தைகள் தாய்ப்பாலிலும் இணை உணவிலும் உண்மையில் பெறும் அளவை வைத்துப் போட்ட கணக்கு. நாட்டுக்கு நாடு இந்த எண்கள் கொஞ்சம் கூடும், குறையும்.

இந்த மைக்ரோகிராம் ரெட்டினாலைக் குறிக்கிறது. உணவில் உள்ள பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் போனால்தான் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ கிடைத்ததாக இப்போது கணக்கிடுகிறார்கள். ஆல்ஃபா கரோட்டின் என்றால் 24 வேண்டும். பழைய அட்டவணைகளில் 6க்கு 1 என்று இருக்கும். அதனால் பழைய புத்தகங்களில் கீரையின் வைட்டமின் ஏ அளவு இரண்டு மடங்காகத் தெரியும். எந்தக் கணக்கு என்று பார்க்காமல் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட்டால் தலை சுற்றும்.

புதிய கணக்குப்படி, 100 கிராம் வேகவைத்த கேரட்டில் சுமார் 850 மைக்ரோகிராம், ஆரஞ்சு நிறச் சதையுள்ள சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 790, பாலக்கீரையில் 520, பரங்கிக்காயில் 290 கிடைக்கும். சிவப்புக் குடைமிளகாயில் பச்சையாக 160 அளவில். தக்காளியில் 40தான். பச்சைப் பட்டாணியும் பீன்ஸும் அதே வரிசை. காலிஃபிளவரிலும் உருளைக்கிழங்கிலும் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அப்படியானால் இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவைக்கு 35 கிராம் கேரட் போதும். மசித்தால் இரண்டரை மேசைக்கரண்டி. அதே தேவைக்குத் தக்காளியை நம்பினால் முக்கால் கிலோ தின்ன வேண்டும். எந்தக் காயைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

ஆனால் இது காகிதக் கணக்கு. 1995இல் இந்தோனேசியாவில் பாலூட்டும் தாய்மார்களுக்குத் தினமும் கூடுதலாகக் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் இரத்தத்தில் வைட்டமின் ஏ எதிர்பார்த்தபடி உயரவே இல்லை. அதே பீட்டா கரோட்டினை எளிதில் கரையும் வடிவில் பிஸ்கட் மாதிரியான தின்பண்டத்தில் வைத்துக் கொடுத்தபோது உயர்ந்தது. ஊட்டச்சத்து உலகத்தையே கொஞ்சம் உலுக்கிய ஆய்வு அது. மூன்று ஆண்டு கழித்து அதே நாட்டில் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஆரஞ்சு நிறப் பழங்களில் 12க்கு 1 என்றும், கீரையிலும் கேரட்டிலும் 26க்கு 1 என்றும் கணக்கு வந்தது. ஆகவே கீரையை மட்டும் நம்பும் வீட்டில் அட்டவணை சொல்வதைப் போல இரண்டு மடங்கு கொடுப்பது புத்திசாலித்தனம்.

படி 2: நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், ஆனால் நிறத்தை முழுசாக நம்பாதீர்கள்

பொது விதி எளியது. சதை ஆரஞ்சாக இருந்தால் நல்லது. இலை கரும்பச்சையாக இருந்தால் நல்லது. இலையிலும் ஆரஞ்சு நிறக் கரோட்டின்தான் இருக்கிறது, பச்சையம் அதை மூடி மறைத்திருக்கிறது. ஒரே முட்டைக்கோஸில் வெளியே உள்ள கரும்பச்சை இலைகளில் கரோட்டின் இருக்கும், உள்ளே வெளுத்த இலைகளில் பெயருக்குத்தான். வெளி இலைகளைக் கழற்றிக் குப்பையில் போடுவது நம் பழக்கம். நன்றாகக் கழுவி, நரம்பை நீக்கி, பொடியாக நறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது பொறிகள். தக்காளியின் சிவப்பு லைக்கோபீன். அதுவும் கரோட்டின் குடும்பம்தான், ஆனால் உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக்க முடியாது. தர்பூசணியின் சிவப்பும் பெரும்பாலும் அதுவே. பீட்ரூட்டின் சிவப்பும் ஊதா முட்டைக்கோஸின் நிறமும் வேறு குடும்பமே. மக்காச்சோளத்தின் மஞ்சளில் பெரும்பகுதி லூட்டின், சீயாசாந்தின். அவை கண்ணுக்கு வேறு விதத்தில் நல்லவை, ஆனால் வைட்டமின் ஏ கணக்கில் வராது. இவற்றைத் தாராளமாகக் கொடுங்கள், இந்தக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

மிகப் பெரிய பொறி சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வெள்ளைச் சதையுள்ள கிழங்கில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆரஞ்சுச் சதையுள்ளதில் கேரட்டுக்கு இணையாக இருக்கிறது. தோலின் நிறம் இதைச் சொல்லாது. ஒரு முனையை நகத்தால் கீறியோ வெட்டியோ பார்த்தால்தான் தெரியும். இந்த ஆரஞ்சு ரகத்தை ஆப்பிரிக்காவில் பரப்பி உயிரூட்டச் செறிவூட்டல், அதாவது பயிரிலேயே சத்தைக் கூட்டி வளர்ப்பது, என்ற துறையை நிலைநாட்டியதற்காக மரியா அன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ, ஹோவர்த் பூயிஸ் ஆகிய நால்வருக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வேகவைத்து மசித்த ஆரஞ்சுக் கிழங்கு 125 கிராம் வீதம் 53 பள்ளி நாட்கள் கொடுத்தபோது, அவர்கள் ஈரலில் வைட்டமின் ஏ இருப்பு கூடியது. மருந்து எதுவும் இல்லை, கிழங்கு மட்டும்தான். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் சண்டை போடாமல் சாப்பிடும். எனக்கு ஒரே ஒரு காயைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கேரட்டுக்கு முன்னால் இதைத்தான் எடுப்பேன்.

கீரைகளில் பாலக், முருங்கை, முளைக்கீரை என்று கிடைப்பதை மாற்றி மாற்றி வாங்குங்கள். இளம் வெளிர் இலைகளைவிட நன்றாக விரிந்த கரும்பச்சை இலைகள் மேல்.

படி 3: சுவரை உடையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கேரட்டில் கரோட்டின் நுண்ணிய படிகங்களாக உயிரணுக்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. கீரையில் நிலைமை இன்னும் கஷ்டம். பச்சையம் இருக்கும் பைகளுக்குள் புரதங்களோடு பின்னிக்கொண்டு இருக்கிறது. மாம்பழம், பப்பாளி போன்றவற்றில் பெரும்பாலும் எண்ணெயில் கரைந்த நிலையிலேயே இருப்பதால் எளிதாக வெளியே வரும். அளவு குறைவாக இருந்தும் பழங்கள் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

உயிரணுவின் சுவரை உடைக்க மூன்று கருவிகள்: பற்கள், சூடு, மசிப்பு. குழந்தைக்குப் பற்கள் போதாது. ஆகவே மற்ற இரண்டையும் நாம் செய்ய வேண்டும். பச்சைக் கேரட் ஆரோக்கியம், வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்ற எண்ணம் வைட்டமின் சி பற்றியது. கரோட்டினுக்கு அது தலைகீழ். வேகவைத்து மசித்த கேரட்டிலிருந்து உடம்பு எடுப்பது, பச்சைத் துண்டிலிருந்து எடுப்பதைவிடத் தெளிவாக அதிகம்.

ஒரு சின்னச் சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு கேரட்டைத் துருவி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைத் தண்ணீரில் போட்டு வேகவையுங்கள். மறு பாதியை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் வதக்குங்கள். தண்ணீர் வெளிறிய மஞ்சளைத் தாண்டாது. எண்ணெயோ சில நிமிடங்களில் ஆரஞ்சாகிவிடும், கரண்டியைச் சாய்த்தால் ஓரத்தில் அந்த நிறம் வழியும். கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும் என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. வேகவைத்த தண்ணீரோடு வைட்டமின் ஏ ஓடிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். ஓடுவது வைட்டமின் சியும் ஃபோலேட்டும். அவற்றுக்காக அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் மசிக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை இப்படி. கேரட், பரங்கி, கிழங்கு எதுவானாலும் கழுவி, தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடிபோட்டு வேகவையுங்கள். ஆவியில் வைத்தாலும் நல்லது. கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும், அதுதான் பதம். கீரையைத் தண்டின்றிப் பொடியாக நறுக்கி, சில நிமிடம் மட்டும் வேகவைத்து, கடைந்தோ அரைத்தோ எடுங்கள். முழு இலையாக வதக்கிய கீரையை மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மென்று தின்னும் என்று எதிர்பார்ப்பது வீண். வாயின் ஓரத்தில் அடக்கிவைத்து அரை மணி கழித்துத் துப்பும்.

கரோட்டினின் எதிரிகள் வெளிச்சம், காற்று, நீண்ட நேரச் சூடு. பாத்திரத்தை மூடி வையுங்கள். நன்றாக வெந்த பிறகும் அடுப்பில் கொதிக்க விடாதீர்கள். கொதிக்கும் எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பதில் இழப்பு அதிகம். சமைத்ததைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதும் அப்படியே. கீரையைக் காயவைத்துப் பொடி செய்யும் பழக்கம் இருந்தால் நேர்வெயிலைத் தவிர்த்து நிழலில் உலர்த்துங்கள், ஒளிபுகாத டப்பாவில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். உறைய வைத்த காய்கறிகளில் கரோட்டின் நன்றாகவே தங்கும், அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

படி 4: ஒரு தேக்கரண்டி கொழுப்பு

கரோட்டின் குடலுக்குள் போனதும் கொழுப்புத் துளிகளில் ஏறித்தான் குடல் சுவரைக் கடக்கும். அந்த வேளை உணவில் கொழுப்பே இல்லையென்றால் வண்டி இல்லாத பயணி மாதிரி நின்றுவிடும். இதற்கு ஏராளம் வேண்டாம். ஒரு வேளைக்கு 3 முதல் 5 கிராம், அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ நெய்யோ போதும்.

எந்த எண்ணெய் என்பது இங்கே பெரிய கேள்வியல்ல. அதே வேளையில் போக வேண்டும் என்பதுதான் முக்கியம். காலையில் கேரட் மசியலும் இரவில் வெண்ணெயும் கொடுத்தால் ஒன்றுக்கொன்று உதவாது. முட்டை, முழுக்கொழுப்புத் தயிர், நிலக்கடலை அரைத்த விழுது போன்றவை அதே வேளையில் சேர்ந்தால் தனியாக எண்ணெய் விட வேண்டிய அவசியம்கூட இல்லை. உடம்பு இளைப்பதற்காகப் பெரியவர்கள் எண்ணெயைக் குறைக்கும் வீட்டில், குழந்தையின் தட்டையும் அதே கரண்டியால் பரிமாறிவிடாதீர்கள்.

படி 5: வயதுக்குத் தகுந்த வடிவம்

ஆறு மாதம் வரை எந்தக் காய்கறியும் வேண்டாம், தாய்ப்பால் போதும். சீம்பாலில் வைட்டமின் ஏ செறிந்திருக்கிறது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் கரோட்டின்தான் காரணம், பழைய பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. பாலில் இந்தச் சத்து எவ்வளவு போகிறது என்பது தாயின் இருப்பைப் பொறுத்தது. ஆகவே இந்தக் காலத்தில் மேலே சொன்ன காய்கறிகளையெல்லாம் சாப்பிட வேண்டியவர் அம்மா.

ஆறு மாதம் முடிந்ததும் கூழ் பதத்தில் தொடங்கலாம். ஒரு தேக்கரண்டி பரங்கியோ கிழங்கோ, சில சொட்டு எண்ணெயோடு. தாய்ப்பாலைத் தொடருங்கள், அதை நிறுத்திவிட்டுக் காய்கறி வேண்டாம். கீரை, கேரட், பீட்ரூட் ஆகியவற்றில் நைட்ரேட் இயல்பாகவே அதிகம் என்பதால் வீட்டில் அரைத்த கூழை அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் வைக்கக் கூடாது. வைத்தால் கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும், சின்னக் குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமப்பதை அது கெடுக்கும். அப்போதைக்கு அப்போது செய்யுங்கள். மிஞ்சினால் உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள், அல்லது சிறு பங்குகளாக உறைய வைத்து ஒரு வேளைக்கு ஒன்றாக எடுங்கள்.

எட்டு ஒன்பது மாதத்தில் கூழிலிருந்து முள்கரண்டியால் மசித்த பதத்துக்கு வாருங்கள். கையில் எடுத்துத் தின்ன விரும்பும் குழந்தைக்கு விரல் நீளத் துண்டு கொடுக்கலாம், ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் திரும்ப அடுப்புக்கு.

நான்கு வயது வரை பச்சைக் கேரட்டைக் கட்டியாகவோ வட்டமாகவோ கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயை அடைக்கும் உணவுகளில் அதுவும் ஒன்று. பச்சையாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மெல்லிதாகத் துருவிக் கொடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்னட்டும், தொட்டுக்கொள்ள எண்ணெய் சேர்ந்த ஏதாவது இருந்தால் சரி.

படி 6: வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும்போது

பெற்றோர் உண்மையில் தோற்றுப்போகும் இடம் இதுதான். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பயப்படுவது குழந்தை இயல்பு. முதல் வாய்க்குப் பிள்ளை மூக்கைச் சுளிக்கும், நாக்கால் வெளியே தள்ளும். "இவனுக்குப் பிடிக்கவில்லை" என்று அன்றே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பல குழந்தைகளுக்கு ஒரு காய் பழக எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கிறது. முகச்சுளிப்பு நின்ற பிறகு பிடிப்பது தொடங்கும் என்றில்லை. சுளித்துக்கொண்டே இரண்டாம் வாய் கேட்கும் குழந்தைகளும் உண்டு. அதனால் முகத்தைப் பார்க்காமல் வாய் திறக்கிறதா என்று பாருங்கள்.

தட்டில் பட்டாணி அளவு மட்டும் வையுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த சோற்றோடோ கஞ்சியோடோ பக்கத்தில் இருக்கட்டும். தின்னாவிட்டால் ஒன்றும் பேசாமல் எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். பசி நன்றாக இருக்கும்போது, சாப்பாட்டின் தொடக்கத்தில் காயை வைப்பது நல்ல தந்திரம். பாலும் பிஸ்கட்டும் முடித்துவிட்டு வரும் குழந்தையிடம் கீரையோடு போனால் தோல்வி நிச்சயம்.

"கீரை தின்றால் சாக்லேட்" என்ற பேரம் அன்றைக்குப் பலிக்கும். ஆனால் லஞ்சம் கொடுத்துத் தின்ன வேண்டிய பொருள் என்றால் அது கெட்டதாகத்தான் இருக்கும் என்று குழந்தையும் கணக்குப் போடும். கட்டாயப்படுத்தி ஊட்டுவது அதைவிட மோசம்.

மாவிலோ பருப்பிலோ தெரியாமல் அரைத்துக் கலந்து கொடுப்பது ஏமாற்று வேலையா? வைட்டமின் ஏ கணக்கில் அது முழுக்கச் சரி. மசித்து, எண்ணெயோடு போகிறது, வேறென்ன வேண்டும். ஆனால் அதை மட்டுமே செய்தால் பிள்ளை ஒருநாளும் பரங்கியைப் பரங்கியாக அறியாது. கலந்ததும் ஒரு பக்கம் போகட்டும், பெயர் சொல்லித் தட்டில் ஒரு துண்டும் இருக்கட்டும். அப்புறம், நீங்கள் தின்னாத காயை குழந்தை தின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 7: நாள் கணக்கு வேண்டாம், வாரக் கணக்குப் போடுங்கள்

வைட்டமின் ஏயை உடம்பு ஈரலில் சேமித்து வைக்கும். ஆகவே செவ்வாய்க்கிழமை ஒன்றும் தின்னவில்லையே என்று தவிக்க வேண்டாம். வாரத்தில் நான்கைந்து நாள் ஆரஞ்சுக் காயோ கரும்பச்சைக் கீரையோ போயிருந்தால் நல்ல நிலைமை.

பால், முட்டை சாப்பிடும் குழந்தைக்கு வேலை இன்னும் எளிது. 200 மில்லி முழுக்கொழுப்புப் பாலில் 90 மைக்ரோகிராம் அளவு, ஒரு முட்டையில் 80 அளவு கிடைக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் 300இல் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தது. இரண்டு கரண்டி பரங்கி மசியல் மீதியில் பெரும்பங்கைப் பார்த்துக்கொள்ளும். கொழுப்பு நீக்கிய பாலில் வைட்டமின் ஏயும் கொழுப்போடு போய்விடும், தனியாகச் சேர்த்திருந்தால் தவிர. விலங்கு உணவு எதுவுமே இல்லாத குழந்தைக்குத் தினமும், முடிந்தால் இரண்டு வேளை, இந்தக் காய்கறிகள் போக வேண்டும். மாம்பழம், பப்பாளி கிடைக்கும் காலத்தில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் பலன் இல்லையென்றால் குடலைக் கவனியுங்கள். குடற்புழுக்களும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் கரோட்டினை உறிஞ்ச விடாது. ஈரலில் இருக்கும் இருப்பை உடம்புக்கு எடுத்துச் செல்ல ஒரு புரதம் தேவை. சாப்பாட்டில் புரதமும் துத்தநாகமும் குறைந்தால் அந்தப் புரதமும் குறையும், இருப்பு இருந்தும் பயனில்லை. பருப்பு வகைகளைக் கேரட்டோடு சேர்த்துக் கொடுப்பதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

உள்ளங்கை மஞ்சளானால்

கேரட்டும் பரங்கியும் நிறையத் தின்னும் குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி ஆரஞ்சு கலந்த மஞ்சளாகலாம். கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் தோலில் கரோட்டின் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். கேரட்டையும் பரங்கியையும் குறைத்தால் மெல்ல மெல்ல மறையும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

காய்கறியால் வைட்டமின் ஏ மிஞ்சி நஞ்சாகாது. இருப்பு நிறைந்தால் உடம்பு கரோட்டினை வெட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ரெட்டினாலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 600 மைக்ரோகிராம், 4 முதல் 8 வயது வரை 900 என்பது அதன் மேல் வரம்பு. ஈரலில் இது ஏராளமாக இருப்பதால் சின்னக் குழந்தைக்கு அடிக்கடி கொடுக்க வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரை, பல வைட்டமின் சொட்டு மருந்து, சத்து மாவு மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கும் வீடுகளில் லேபிளைக் கூட்டிப் பாருங்கள். ஐயூ (IU) என்ற பன்னாட்டு அலகில் போட்டிருந்தால் 0.3ஆல் பெருக்கினால் ரெட்டினாலின் மைக்ரோகிராம் வரும்.

எப்போது காய்கறியை நம்பிக் காத்திருக்கக் கூடாது

பொழுது சாய்ந்ததும் பிள்ளை பொருள்களில் இடித்துக்கொள்வது, விளையாடுவதை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவது, கீழே விழுந்த பொம்மையைத் தடவித் தேடுவது இவையெல்லாம் மாலைக்கண்ணாக இருக்கலாம். கண்ணின் வெண்பகுதி பளபளப்பு இழந்து வறண்டு சுருங்குவதும், அங்கே சோப்பு நுரை போன்ற வெளிர் திட்டு தெரிவதும் அடுத்த கட்டம். இந்த நிலையில் கேரட் மசியல் சிகிச்சை ஆகாது. அன்றே கண் மருத்துவரையோ குழந்தை மருத்துவரையோ பாருங்கள், கருவிழி பாதிக்கப்பட்டால் ஓரிரு நாட்களில் பார்வை போய்விடக்கூடும். தட்டம்மை வந்த குழந்தைக்கும் மருத்துவரிடம் வைட்டமின் ஏ பற்றிக் கேளுங்கள். அதற்கென்று தனி அளவில் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

பற்றாக்குறை பரவலாக உள்ள நாடுகளில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெரிய அளவில் வைட்டமின் ஏ மருந்து கொடுக்கிறார்கள்: ஒரு வயதுக்குள் 1,00,000 ஐயூ, அதற்கு மேல் 2,00,000 ஐயூ. வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறானே என்று இதைத் தவிர்க்க வேண்டாம், இரண்டு இடத்தில் வாங்கி இருமுறை கொடுத்துவிடவும் வேண்டாம். மருந்து கொடுத்த தேதியைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தவணை எப்போது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.